நாலு லட்சத்துக்கு கார்: பெரிய பழசா, சின்னப் புதுசா?

மஞ்சள் வெட்டி, வேக வச்சு, காய வச்சு, ஈரோட்டுக்குக் கொண்டுபோய் வித்துட்டு வந்த கையோட எங்க ஊர்ல ஒரு பேச்சு கிளம்பும். "ஒரு கார் எடுத்துப் போடலாமா?" இந்த வருஷமும் கிளம்பிருச்சு. டீக்கடையில அதான் பேச்சு, பால் சொசைட்டியில அதான் பேச்சு. போன வாரம் மட்டும் மூணு பேர் என்கிட்ட கேட்டாங்க. நான் மெக்கானிக் இல்லீங்க. ஆனா முப்பது வருஷமா டிராக்டரும் டெம்போவும் காரும் வாங்குறவங்க கூட, விக்கிறவங்க கூடப் போய் நின்னவன். அதனால என் கருத்தை ஒரே இடத்துல எழுதி வச்சுடறேன். கேக்கறவங்களுக்கு இதைக் காட்டிக்கலாம்.

நம்ம ஆளுங்க கையில வர்ற பணம் மூணுல இருந்து நாலு லட்சம். புதுசுல கொஞ்சம் தாராளமா உட்கார்ற வண்டின்னா எல்லாம் சேர்ந்து ரோட்டுக்கு வர்றப்போ ஆறு லட்சத்தைத் தாண்டிடுது. அதனால பழசுதான். பிரச்னை என்னன்னா, இந்தப் பணத்துக்கு ரெண்டு விதமான வண்டி கிடைக்கும். ஒண்ணு, 2012, 13 மாடல் பெரிய டீசல் வண்டி. ஏழு பேர் உட்காரலாம், முன்னாடி நின்னு பார்த்தா யானை மாதிரி இருக்கும். இன்னொண்ணு, 2018, 19 மாடல் சின்ன பெட்ரோல் வண்டி. வேகன் ஆர், செலரியோ, டியாகோ மாதிரி. பத்துல எட்டுப் பேர் யானையைத்தான் தேடறாங்க. நான் சொல்றது, அந்த எட்டுப் பேரும் சின்ன வண்டியைத்தான் எடுக்கணும்.

என் தங்கச்சி மாப்பிள்ளைக்கும் எனக்கும் இதுல ஒரு மாசமா வாக்குவாதம். அவர் சொல்றதுல நியாயம் இல்லாம இல்லை. "மச்சான், நம்ம வீட்டுல பெரியவங்க ரெண்டு பேர், நாங்க ரெண்டு பேர், பசங்க ரெண்டு பேர். பண்ணாரி போறதுன்னாலும் பழனி போறதுன்னாலும் ஆறு பேர். சின்ன வண்டியில எப்படி? அப்புறம் டீசல்னா மைலேஜ். நாலு மூட்டை உரத்தையும் போட்டுக்கலாம்" அப்படிங்கறார். கேக்கறப்போ சரியாத்தான் படும். நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: "மாப்ளே, ஆறு பேரும் சேர்ந்து போனது போன வருஷத்துல எத்தனை தடவை?" யோசிச்சுட்டு, "நாலு தடவை" அப்படின்னார். நாலு நாளைக்கு வாடகை வண்டி பிடிச்சுக்கலாம். மிச்சம் இருக்கற 361 நாளைக்குத்தான் நாம வண்டி வாங்கறோம்.

அந்த 361 நாள்ல என்ன வேலை? கோபிக்கு ஒரு எட்டு, சத்திக்கு ஒரு எட்டு, ஈரோட்டுக்கு மாசத்துல ரெண்டு தடவை. பையன் காலேஜ், அம்மாவுக்கு மாத்திரை, பேங்க்கு, விசேஷ வீடு. வருஷத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடினாலே ஜாஸ்தி. இந்த ஓட்டத்துக்கு டீசல் கணக்கு நிக்காது. போட்டுப் பாருங்க. பெட்ரோல் லிட்டர் 101, டீசல் 93னு வச்சுக்கங்க. பெட்ரோல் வண்டி 16 கொடுத்தா ஆறாயிரம் கிலோமீட்டருக்கு 375 லிட்டர், கிட்டத்தட்ட 37,900 ரூபாய். டீசல் வண்டி 19 கொடுத்தா 316 லிட்டர், 29,400 ரூபாய். வித்தியாசம் வருஷத்துக்கு எட்டாயிரத்து ஐநூறு. பத்து பன்னெண்டு வருஷம் ஓடின டீசல்ல இன்ஜெக்டரோ டர்போவோ ஒரு தடவை மக்கர் பண்ணுச்சுன்னா, நாலஞ்சு வருஷம் மிச்சம் பிடிச்சது மொத்தமும் ஒரே பில்லுல போயிடும். இன்னொண்ணு, 19ங்கறது சின்ன டீசல் காருக்கு. யானை அந்த மைலேஜ் தராது. அப்ப அந்த எட்டாயிரத்து ஐநூறும் நிஜமில்லை.

டீசல்னா லாபம்னு நம்ம ஊர்ல ஊறிப்போனது ஒரு காலத்துல நிஜம். 2012ல பெட்ரோல் 70 ரூபாய்ல ஓடிட்டு இருந்தப்போ டீசல் 50க்குக் கீழதான். அரசாங்கம் கையில இருந்து கொடுத்துட்டு இருந்தது. 2014 அக்டோபர்ல டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தாங்க. அதோட அந்த இடைவெளி சுருங்கிப் போச்சு. மாருதிக்காரங்களே 2020 ஏப்ரலோட டீசல் கார் போடறதை நிறுத்திட்டாங்க. ஆனா நம்ம ஊர் டீக்கடை மட்டும் இன்னும் 2012லயே நிக்குது. தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டறவங்களுக்கு, வியாபாரிகளுக்கு டீசல் சரி. தினமும் தோட்டத்துக்கும் கடைவீதிக்கும் போறவனுக்கு இல்லை. இஞ்சின் சரியா சூடு ஏறவே விடாம அஞ்சு கிலோமீட்டர்ல நிறுத்தி நிறுத்தி எடுத்தா எந்த டீசல் வண்டியும் நல்லா இருக்காது.

வயசையும் பாருங்க. சொந்த வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம். 2012 மாடலை இப்ப எடுத்தா அடுத்த வருஷமே எஃப்.சி. காட்டணும். அதுக்கு ஃபீஸ், பசுமை வரி, அதுக்கு முன்னாடி டிங்கரிங், பெயின்ட், டயர்னு ஒரு செலவு. முன்ன அறநூறு ரூபாயா இருந்த ரினிவல் ஃபீஸை 2022 ஏப்ரல்ல இருந்து காருக்கு அஞ்சாயிரம் ஆக்கிட்டாங்க. அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை இதே கதை. அந்த வண்டியை நாளைக்கு நாம விக்கப் போனா யார் வாங்குவா?

எனக்கு இதையெல்லாம் விட முக்கியமாப் படறது வேற. 2019 ஏப்ரல்ல இருந்து நாட்டுல விக்கற புதுக் கார் எல்லாத்துலயும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். அதே வருஷம் ஜூலையில இருந்து டிரைவர் பக்கம் ஏர்பேக், சீட் பெல்ட் போடலைன்னா கத்தற பீப், ரிவர்ஸ் சென்சார் எல்லாம் கட்டாயம். அதுக்கு முன்ன வந்த வண்டியில இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். டாப் மாடல்ல மட்டும் வச்சிருப்பாங்க. திம்பம் மலைப்பாதையில 27 கொண்டை ஊசி வளைவு. மழைநாள்ல இறங்கறப்போ பிரேக்கை அமுக்கினா சக்கரம் இறுகி வண்டி வழுக்கிட்டுப் போறதும், ஸ்டியரிங் நம்ம சொல்பேச்சு கேக்கறதும் ஒண்ணு இல்லை. அதனால சாத்தியம்னா 2019 ஜூலைக்கு அப்புறம் தயாரிச்ச வண்டியாப் பாருங்க. ஆர்.சி.லயே தயாரிச்ச மாசம் இருக்கும். பதிவு பண்ண தேதியையும் தயாரிச்ச மாசத்தையும் குழப்பிக்காதீங்க.

சரி, எந்த மாதிரி வண்டின்னு முடிவாச்சு. இனி ஒவ்வொரு வண்டியா எப்படிப் பார்க்கறது? இதுல நம்ம ஆளுங்களுக்குப் பயமே வேண்டாம். கருங்கல்பாளையம் சந்தையில மாடு பிடிச்சவனுக்குக் கார் பார்க்கத் தெரியாதா? அதே கண்ணுதான், அதே சந்தேகம்தான். மாட்டைச் சந்தைக்கு ஓட்டிட்டு வர்றவன் ரெண்டு வேளை பால் கறக்காம மடியைப் பெருசாக் காட்டுவான். கொம்பைச் சீவி எண்ணெய் போட்டு வயசைக் குறைப்பான். ஆனா வாயைப் பிடிச்சுப் பல்லைப் பார்த்தா ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததான்னு தெரிஞ்சு போயிடும். கார்லயும் மேல பளபளன்னு பாலிஷ் போட்டு, சீட்டுக்குப் புது உறை போட்டு, வாசனை அடிச்சு நிறுத்தியிருப்பாங்க. அது மடி. நாம பல்லைப் பார்க்கணும்.

கிலோமீட்டர் மீட்டரைப் பல்லுன்னு நினைச்சுக்காதீங்க. மாட்டுப் பல்லை மாத்த முடியாது, மீட்டரைத் திருப்பறதுக்கு ஆள் இருக்கான். 45,000 ஓடியிருக்குன்னு மீட்டர் சொல்லும். பிரேக், கிளட்ச் பெடல்ல இருக்கற ரப்பரைப் பாருங்க. வரி வரியா இருக்க வேண்டியது தேய்ஞ்சு வழவழன்னு ஆகியிருந்தா 45,000 இல்லை. ஸ்டியரிங்ல கை பிடிக்கற இடம், கியர் குமிழ், டிரைவர் சீட்டோட வலது ஓரம் இதெல்லாம் பொய் சொல்லாது. ஒரு பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதுசா இருந்தாலும் சந்தேகப்படுங்க. டயர் ஓரத்துல நாலு நம்பர் ஒண்ணு தனியா இருக்கும். 2319னு இருந்தா 2019ல 23ஆவது வாரம் தயாரிச்சதுன்னு அர்த்தம். 2019 வண்டி, 45,000தான் ஓடியிருக்குங்கறாங்க, நாலு டயரும் 2024ல தயாரிச்சது. டிக்கியில இருக்கற ஸ்டெப்னி மட்டும் 2019. அப்ப பழைய டயர் நாலும் எங்க தேய்ஞ்சுதுன்னு கேளுங்க. வெயில்ல வெடிச்சு மாத்தினேன்னு சொல்லலாம், நிஜமாவும் இருக்கலாம். ஆனா கம்பெனி சர்வீஸ்ல ஒவ்வொரு தடவையும் கிலோமீட்டர் பதிஞ்சிருப்பாங்க. ஓனரைக் கூட்டிட்டுப் போய் அங்க கேட்டு வாங்குங்க. வர மாட்டேன்னு சொல்றவர்கிட்ட நமக்கு வேலை இல்லை.

வண்டி பார்க்கக் காலைல போங்க. முந்தின நாளே போன் பண்ணி, "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" அப்படின்னு சொல்லிடுங்க. போனதும் முதல் வேலை பேனட் மேல கையை வைக்கறது. சூடா இருந்தா, நமக்கு முன்னாடியே எழுப்பி உட்கார வச்சுட்டாங்கன்னு அர்த்தம். சூடான இஞ்சின் நோயை மறைக்கும். ஆறிப்போன இஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு ஒருத்தர் பின்னாடி நில்லுங்க. நீலமாப் புகை வந்து நிக்காம வந்துட்டே இருந்தா ஆயில் எரியுது. குளிர்காலத்துல லேசா வெள்ளையா வந்து நின்னு போறது பரவாயில்லை, சூடானதுக்கு அப்புறமும் வெள்ளையா வந்தா ரேடியேட்டர் தண்ணி உள்ள போகுது. ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்க. மோர் ஆடை மாதிரி வெளுத்துப் படிஞ்சிருந்தா ஹெட்ல வேலை இருக்கலாம், மெக்கானிக் பார்க்காம நகராதீங்க.

சாவியைத் திருப்பினதும், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, டேஷ்போர்டுல சிவப்பும் மஞ்சளுமா விளக்கு வரிசையா எரியணும். இஞ்சின் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு, ஏர்பேக் விளக்கு. எரிஞ்சு, கொஞ்ச நேரத்துல அணையணும். இஞ்சின் விளக்கு மட்டும் ஸ்டார்ட் ஆனதும் அணையும். அணையாம இருந்தா கோளாறு. எரியவே இல்லைன்னா அதை விடப் பெரிய கோளாறு. விளக்கையே பிடுங்கியிருக்காங்க. ஏர்பேக் ஒரு தடவை வெடிச்ச வண்டி, மறுபடி போடச் செலவு ஆகும்னு மேல மூடியை மட்டும் ஒட்டி வித்துடறவங்க இருக்காங்க.

அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிக்க கதவு ரப்பர் பீடிங்கை இழுத்துப் பாருங்க. உள்ள கம்பெனியில வெல்டிங் வச்ச புள்ளி சீரா, ஒரே இடைவெளியில வட்டமா இருக்கும். மறுபடி வெல்டிங் வச்ச இடம் கோணல் மாணலா இருக்கும். வீட்டுல பிரிட்ஜ்ல ஒட்டற காந்தம் ஒண்ணை எடுத்துட்டுப் போங்க. பட்டி கனமாப் போட்ட இடத்துல ஒட்டாது. பம்பர் பிளாஸ்டிக், அதுல ஒட்டாது, அதைப் பார்த்துப் பயந்துடாதீங்க. ஒரு கதவுல உரசி பெயின்ட் அடிச்சது தப்பே இல்லை. நம்ம ஊர்ச் சந்துல யார் வண்டிதான் உரசாம இருக்கு? பில்லர், முன்னாடி அப்ரான், ஷாஸி இதுல கை வச்சிருந்தா மட்டும் எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாலும் வேண்டாம்.

வெள்ளத்துல முழுகின வண்டி தனி. 2015 டிசம்பர்ல சென்னையில முழுகினது, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல முழுகினது, அதே மாசம் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் முழுகினது, இப்படி எத்தனையோ வண்டி. கழுவிக் காய வச்சு, வேற ஜில்லாவுல கொண்டுவந்து நிறுத்தினா யாருக்குத் தெரியும்? சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க. உள்ள சுருண்டு கிடந்த பாகத்துல மண் கோடு தெரியும். சீட் நகர்ற தண்டவாளம், சீட்டுக்கு அடியில இருக்கற போல்ட்டு, ஸ்டெப்னி இருக்கற குழி இங்கெல்லாம் துரு இருக்கான்னு பாருங்க. தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்க. பவானி ஆத்துத் தண்ணி ஏறின மோட்டார் ரூம் எப்படி நாறும்னு நமக்குத் தெரியும்ல, அதே வாடைதான். ஏ.சி.யைப் போட்டா இன்னும் நல்லாத் தெரியும். இந்த வண்டி ஒரு வருஷம் ஓடிட்டு அப்புறம் ஒயரிங்ல ஒவ்வொண்ணா ஆரம்பிக்கும். யார்கிட்ட போய்ச் சண்டை போடறது?

டெல்லி வண்டிக்கும் இப்ப நம்ம பக்கம் மவுசு. அங்க பத்து வருஷம் ஆன டீசல் வண்டி ஓட்டக் கூடாதுன்னு தீர்ப்பு வந்ததால விலை அடிமட்டத்துக்கு வந்துச்சு. லாரியில ஏத்திட்டு வந்து "பாதி விலை"ன்னு விக்கறாங்க. அந்த ஊர் ஆர்.டி.ஓ. என்.ஓ.சி. இருக்கான்னு முதல்ல கேளுங்க. அப்புறம் இங்க வரி கட்டணும், நம்பர் மாத்தணும். எல்லாம் கூட்டினா பாதி விலைங்கறது முக்கால் விலை ஆயிடும். மேல பழைய டீசல்.

எந்தக் கம்பெனி வண்டின்னு கேக்கறவங்களுக்கு ஒரே அளவுகோல்தான். உங்க ஊருக்குப் பக்கத்து டவுன்ல, ஞாயித்துக்கிழமை காலைல அதோட கிளட்ச் பிளேட்டு கிடைக்குமா? கோபியில, சத்தியில மாருதி பாகம் எந்தக் கடையிலயும் கிடைக்குது. ஹூண்டாய், டாட்டாவுக்கும் பெரிய கஷ்டமில்லை. செவ்ரோலே 2017 கடைசியோட இந்தியாவுல விக்கறதையே நிறுத்திட்டாங்க, ஃபோர்டு 2021ல இங்க தயாரிப்பை நிறுத்தறதா அறிவிச்சுட்டாங்க. அதனாலதான் அந்த வண்டிங்க விலை குறைவா வருது. ஃபோர்டு ஓட்ட அருமையான வண்டி, அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்லை. கோயமுத்தூர்ல இருக்கறவங்க யோசிக்கலாம். ஒரு பாகத்துக்காக 80 கிலோமீட்டர் போறவன் யோசிக்க வேண்டாம். உர மூட்டை ஏத்தியே ஆகணும்னா ஈக்கோ பாருங்க. உட்கார்ந்து போக சுகம் கம்மிதான், ஆனா உழைக்கும். வாங்கறதுக்கு முன்ன அது மஞ்ச போர்டுல ஓடிட்டு அப்புறம் வெள்ளை போர்டா மாத்தினதான்னு கேட்டுக்கங்க. வாடகைக்கு ஓடின மாடு நம்ம தொழுவத்துல நிக்கறது கஷ்டம்.

பெட்ரோல்ல ஒரு விஷயம் சொல்லணும். இப்ப பங்க்ல வர்றது இருபது சதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிங்க அதுக்குன்னு தயார் பண்ணினது. அதுக்கு முந்தினதுல மைலேஜ் கொஞ்சம் குறையுது, ரப்பர் குழாய்களை அப்பப்போ பார்த்துக்கணும்னு மெக்கானிக் தம்பிங்க சொல்றாங்க. கரும்பும் மக்காச்சோளமும் போடறவன் நான், எத்தனாலைத் திட்டவும் மனசு வர்றதில்லை, என் வண்டி மைலேஜ் குறையறதை ரசிக்கவும் முடியலை.

விலைக்கு வருவோம். 2025 செப்டம்பர்ல சின்னக் காருக்கு ஜி.எஸ்.டி.யை 28ல இருந்து 18 ஆக்கினாங்க. புதுசு விலை இறங்கிருச்சு. பழசு விக்கறவங்க பல பேர் இன்னும் பழைய விலைக் கணக்குலயே பேசறாங்க. அதே மாடல் புதுசு இன்னைக்கு என்ன விலைன்னு போன்ல எடுத்துக் காட்டிட்டுப் பேரத்தை ஆரம்பிங்க. கையில நாலு லட்சம் இருந்தா நாலு லட்சத்துக்கு வண்டி தேடாதீங்க, மூன்றரைக்குத் தேடுங்க. மீதி அம்பதாயிரம் வேணும். பேட்டரி, டயர், ஆயில், பெல்ட்டு, இன்ஷூரன்ஸ், பேர் மாத்தற செலவுன்னு முதல் மூணு மாசத்துல அது போயிடும். நம்ம மெக்கானிக்குக்கு ஆயிரமோ ரெண்டாயிரமோ கொடுத்து கூடவே கூட்டிட்டுப் போறதும் இதுலதான். விக்கறவர் சொல்ற மெக்கானிக் வேண்டாம். அப்புறம், கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் வாங்கி அதைக் கார்ல போடற பழக்கம் எங்க பக்கம் இருக்கு. குறிச்ச தேதிக்குள்ள கட்டினா வட்டியே இல்லாத பணம் அது. அதைச் சக்கரத்துல போட்டுட்டு, விதைக்கும் உரத்துக்கும் கந்துவட்டிக்குப் போய் நிக்கறது எந்தக் கணக்குன்னு எனக்குப் புரியலை. ஒரு வருஷம் பொறுத்தா என்ன?

கடைசியா பேப்பர். வண்டியைப் பார்க்கறதுல காட்டற கவனத்துல பாதியைக் கூட நம்ம ஜனம் இதுல காட்டறதில்லை. இஞ்சின் கெட்டா அம்பதாயிரம் போகும். பேப்பர் கெட்டா தோட்டமே போகும். எங்க பக்கத்து ஊர்ல ஒருத்தர் காரை வித்துட்டார். 29, 30 ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு, பணத்தை வாங்கிட்டு மறந்துட்டார். வாங்கினவர் பேர் மாத்தாமலே இன்னொருத்தருக்கு வித்துட்டார். மூணாவது கை ஒருநாள் ராத்திரி பைக்ல போன ஆளை அடிச்சிருச்சு. இன்ஷூரன்ஸ் இல்லை. நோட்டீஸ் முதல் ஆளுக்கு வந்தது. 2018லயே உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு, விபத்து நடந்த அன்னைக்கு ஆர்.சி.ல யார் பேர் இருக்கோ அவங்கதான் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்புன்னு. அந்த மனுஷன் வித்தது ரெண்டு லட்சத்துக்கு. வக்கீல் வீட்டுக்கு இன்னும் நடந்துட்டு இருக்கார்.

வாங்கறவனுக்கு இதுல என்ன? நம்ம முன்னாடி நிக்கறவர் பேர்ல ஆர்.சி. இல்லைன்னா, ரெண்டு கை முன்னாடி இருக்கற ஓனரைத் தேடிப் போகணும். அவர் இறந்துட்டார்னா வாரிசுச் சான்று, வாரிசுங்க கையெழுத்துன்னு அலையணும். அதனால ஆர்.சி.ல இருக்கற ஆளை நேர்ல பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. அதை ஒரு சாக்காவும் வச்சுக்கலாம். ஓனர் வீட்டுக்குப் போனா அவர் எப்படிப்பட்டவர், வண்டியை நிழல்ல நிறுத்தறாரா, வீட்டுல சாமானை எப்படி வச்சிருக்கார்னு தெரிஞ்சிடும். ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர்கிட்ட சர்வீஸ் பில்லு எல்லாம் தேதி வாரியா நூல்ல கோர்த்து வச்சிருந்ததைப் பார்த்தேன். அந்த வண்டிக்குப் பத்தாயிரம் ஜாஸ்தி கொடுக்கலாம்.

போன்ல எம்-பரிவாகன் போட்டு நம்பரை அடிச்சா எந்த வருஷம், எத்தனையாவது ஓனர், இன்ஷூரன்ஸ் எதுவரைக்கும், ஃபைனான்ஸ்ல இருக்கான்னு காட்டிடும். ஈ-செலான் பாக்கி இருக்கான்னும் பார்த்துடுங்க. ஆர்.சி.ல எச்.பி. இருந்தா, கடன் முடிஞ்சுதுன்னு வாயால சொன்னா பத்தாது, பேங்க் என்.ஓ.சி.யும் 35ஆம் ஃபாரமும் கைக்கு வரணும். இன்ஷூரன்ஸும் நம்ம பேருக்கு மாறணும், 14 நாளுக்குள்ள கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கணும். விக்கறவரோட நோ கிளெய்ம் போனஸ் அவரோடதான், நமக்கு வராது. அதனால கொஞ்சம் சேர்த்துக் கட்டச் சொல்வாங்க, அதுக்குச் சண்டை போடாதீங்க.

பேர் மாறி ஆர்.சி. வர்ற வரைக்கும் பேசின தொகையில இருபதாயிரத்தை நிறுத்தி வச்சு, ரெண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கங்க. மாப்பிள்ளை இதைக் கேட்டுட்டு, "கேக்கறதுக்கே கூச்சமா இருக்கும் மச்சான்" அப்படிங்கறார். மாடு பிடிக்கறப்போ துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சு ஐநூறுக்கு அரை மணி நேரம் நிக்கறவர்தான் அவரும். புது ஆர்.சி. இப்ப ஆபீஸ்ல கையில தர்றதில்லை, 2024ல இருந்து ஸ்பீடு போஸ்ட்லதான் வீட்டுக்கு வருது. ஃபாரத்துல அட்ரஸும் போன் நம்பரும் சரியா எழுதுங்க. நாம தோட்டத்துல இருக்கற நேரத்துல வந்து, வீடு பூட்டியிருந்தா திரும்பிப் போயிடும். போஸ்ட்மேன் தம்பிகிட்ட முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வச்சுடுங்க.